பர்மா உதை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ரத்தினம்மாளிடம் வாய் கொடுத்தால் புண்ணாகித்தான் திரும்ப வேண்டும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட எனக்கு வந்து வாய்த்த மருமகள் லீலாவதி, நாய் குரைத்தால் நாயிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். கூப்பிட்டால் நடுங்குவாள், கூப்பிடாவிட்டால் அதற்கும் நடுங்குவாள்.

என் மகன் பழனிவேல் யுத்தத்துக்குப் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குன்னம் பக்கத்து மேட்டு நிலத்தில் வெங்காயம் போட்டு, வாரா வாரம் தலைச்சுமையாக அரியலூர் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றால்தான் அடுப்பு எரியும். வழியில் ஒரு ஏரிக்கரை. அங்கே மதகின்மேல் செல்லக்கண்ணு என்று ஒரு தடியன் உட்கார்ந்திருப்பான். முதலில் போகிற வருகிற பெண்களின் கூடையிலிருந்து வெங்காயத்தை அள்ளினான். திட்டினேன், பல்லைக் காட்டினான். அப்புறம் ஒரு நாள் லீலாவதியின் கையைப் பிடித்துவிட்டான். அவள் கூடையைப் போட்டுவிட்டு வீடு வரைக்கும் ஓடி வந்தாள். இனிமேல் அந்தப் பாதைக்குக் கூப்பிட்டால் அப்பா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

ஊர்ப் பெரிய மனுசர்களிடம் போய் முறையிட்டேன். பெண்பிள்ளைகள் வீட்டோடு இருந்தால் எவன் கையைப் பிடிக்கப்போகிறான் என்று எனக்கே புத்தி சொல்லி அனுப்பினார்கள். வீட்டோடு இருந்தால் இவர்களா வந்து சோறு போடுவார்கள்? வெங்காயத்தை வயலிலேயே தரகனுக்குக் கொட்டிப் பார்த்தோம். அவன் கொடுத்தது அரை வயிற்றுக்குக்கூடக் காணவில்லை. அந்தப் பாதையில் நடக்க முடியாவிட்டால் எங்களுக்குப் பிழைப்பில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அப்போதுதான் கொளஞ்சி வந்து சேர்ந்தாள். ரங்கூனில் குண்டு விழுந்ததும் காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களில் அவளும் ஒருத்தி. வயசு முப்பதுக்குள்தான். அவள் அப்பா அங்கே அரிசி மில்லில் கூலி. மில்லுக்குப் பின்னால் பர்மாக்காரர்கள் கையாலும் காலாலும் அடித்துக்கொள்கிற ஒரு சண்டை பழகுவார்களாம். அண்ணன்மார்களோடு இவளும் பழகியிருக்கிறாள். வருகிற வழியில் மூட்டையைப் பறிக்க வந்த ஒருவனை ஒரே உதையில் உட்கார வைத்தாள் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். என் பக்கத்து வீட்டுக் கலியம்மாளையும் லீலாவதியையும் இழுத்துக்கொண்டு அவளிடம் போய், எங்களுக்கும் அதைக் கற்றுக்கொடு என்றேன். அவள் என் நரைத்த தலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நாளைக்குக் களத்துக்கு வாங்க என்று மட்டும் சொன்னாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

சண்டை பழகுவதென்றால் முதல் நாளே பறந்து பறந்து உதைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதே நினைப்போடு யாராவது கிளம்புவதாக இருந்தால் இப்போதே சொல்லிவைக்கிறேன், ஏமாந்துபோவீர்கள். கொளஞ்சி எங்களை நிற்கவைத்தாள். சும்மா நிற்கிறது. சேலையைக் கச்சமாக இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, முட்டியைக் கொஞ்சம் மடக்கி, இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நாற்பது வருசமாக இந்தப் பூமியில் நின்றுகொண்டுதானே இருக்கிறேன், இதில் என்ன கற்கிறது என்று கேட்டேன். அவள் வந்து என் தோளில் ஒரு விரலால் தள்ளினாள். களத்து மண்ணில் மல்லாந்து கிடந்தேன். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. கலியம்மாள் அதைத்தான் பெரிய அதிசயமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மறுநாள் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. அது போய்விடும், வலிக்கிறது என்று வராமல் இருந்தால்தான் போகாது என்றாள் கொளஞ்சி. சொன்ன மாதிரியே போய்விட்டது. பிறகு சாக்கில் வைக்கோலை அடைத்து வேப்பமரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதை உதைக்கச் சொன்னாள். விரலால் உதைத்தால் விரல்தான் ஒடியும், பாதத்தை முழுசாக வைத்துத் தள்ள வேண்டும். உதைக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். உதை வாங்கும்போதும் வயிற்றை இறுக்கி மூச்சை வெளியேதான் விட வேண்டும். அவள் ஒரு தடவைகூட எங்கள்மேல் எரிந்து விழுந்ததில்லை. எனக்கிருக்கிற பொறுமைக்கு நான் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்தச் சாக்கையே எல்லோர் தலையிலும் கவிழ்த்திருப்பேன்.

சாக்கு வரைக்கும் சரி. ஆளை ஆள் உதைக்கிற நாள் வந்ததும்தான் கூத்து. கலியம்மாள் என்னை உதைத்தாள். கால் பட்டதும் ஐயையோ என்று குனிந்து என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் கலியம்மாளை உதைத்தேன். என் கையும் தானாகப் போய் அவளைத் தொட்டு என் கண்ணுக்கு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அடுத்தவர்மேல் கால் பட்டால் செய்கிற காரியம், நினைத்தா செய்கிறோம்? கொளஞ்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். பர்மாவில் இப்படி ஒரு சங்கடத்தை அவள் பார்த்ததே இல்லையாம்.

“ஒதைச்சிட்டுக் குனிஞ்சீங்கன்னா, அவன் முட்டி ஒங்க மூஞ்சியிலதான் எறங்கும்,” என்றாள். “கும்புடுறத எல்லாம் அவன் போனப்பறம் வச்சுக்குங்க.”

கலியம்மாளும் நானும் எப்படியோ அந்தக் கையை அடக்கிக்கொண்டோம். லீலாவதிதான் ஆச்சரியம். அந்தப் பூஞ்சை உடம்பிலிருந்து அப்படி ஓர் உதை வரும் என்று யார் கண்டது? கலியம்மாளை உதைத்தால் கலியம்மாள் நாலடி தள்ளிப்போய் விழுவாள். கொளஞ்சியே ஒரு முறை வாங்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சபாஷ் என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. வெளியே காட்டிக்கொள்ளாமல், சேலைத் தலைப்பைச் செருகுடி என்று அதட்டினேன்.

ஆனால் என் எதிரே நிறுத்தினால் மட்டும் அவள் கால் வராது. தூக்குவாள், என் சேலைக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிடும். மாமியார்மேல் காலா என்று கண்ணில் தண்ணீர் முட்டும். நானும் திட்டிப் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன். கடைசியில் கொளஞ்சி, விடுங்க அக்கா, ரோட்டில் யாரும் மாமியாரை உதைக்கச் சொல்லப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அறுவடை முடிந்து, வெங்காயம் காய்ந்து கூடைக்கு வந்தது. கலியம்மாளும் நானும் சந்தைக்குக் கிளம்பினோம். வருகிறாயா என்று நான் லீலாவதியைக் கேட்கவில்லை. அவளே சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகம் வெளுத்துத்தான் இருந்தது.

ஏரிக்கரையில் செல்லக்கண்ணு எழுந்து வந்தான். என்ன, ரொம்ப நாளாக ஆளைக் காணோம் என்று அவள் கூடைமேல் கை வைத்தான். லீலாவதி கூடையை மெள்ள இறக்கி வைத்தாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, இரண்டு கையும் முகத்துக்கு முன்னால். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அந்த நிற்பில் ஏதோ அவனுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. சட்டென்று என் கொண்டையைப் பிடித்து இழுத்து, என்னைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான். என் கூடை உருண்டது. கலியம்மாள் கிட்டே வந்தாள். வந்தால் கழுத்தைத் திருகிவிடுவேன் என்றான். அவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஒதைக்கப் போறியா? ஒதை பாப்பம்,” என்று லீலாவதியைப் பார்த்துச் சிரித்தான். “மொதல்ல ஒன் மாமியாள ஒதைச்சிட்டு அப்பறம் எங்கிட்ட வா.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் கை கீழே இறங்க ஆரம்பித்தது. இறங்கினால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு மட்டுமில்லை, இனி என்றைக்கும் அவள் இந்தப் பாதையில் நடக்க மாட்டாள். என் பின்கழுத்தில் அவன் மூச்சு சுட்டது. நான் வயிற்றை இறுக்கினேன். உள்ளே இருந்த மூச்சையெல்லாம் ஊதி வெளியே விட்டேன்.

“ஒதைடி,” என்றேன்.

உதைத்தாள். தாயே, அதை எப்படிச் சொல்வேன்? என் இடுப்பில் இறங்கிய பாதம் என்னையும் எனக்குப் பின்னால் நின்ற அந்த எருமையையும் சேர்த்துத் தூக்கிப் போட்டது. மதகுக் கல்லில் அவன் முதுகு மோத, அவன்மேல் நான் விழுந்தேன். என் கொண்டையை விட்டுவிட்டு அவன் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் குனியவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. கையை முகத்தை விட்டு எடுக்காமல் அவன் தொடையில் இன்னொன்று போட்டாள். அவன் சரிவில் உருண்டு ஏரிச் சேற்றில் போய் விழுந்து, எழுந்திருக்க மாட்டாமல் அம்மா என்று கத்தினான். என் வலியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுப் பெண் அவள்.

அவன் வரமாட்டான் என்று தெரிந்த பிறகுதான் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெங்காயத்தைப் பொறுக்கு, சந்தை கலைந்துவிடப்போகிறது என்றுதான் சொல்ல வந்தது.

மீதி வழி முழுவதும் அவளுக்கு ஒரே கவலை. மாமியாரை உதைத்தவள் என்று பேர் வந்தால் எவர் முகத்திலும் விழிக்க முடியாது, அவள் அப்பாவின் காதுக்குப் போனால் உயிரையே விட்டுவிடுவார் என்று புலம்பினாள். கலியம்மாள் யோசனை சொன்னாள். கேட்டால் நான் கரையில் வழுக்கி விழுந்துவிட்டதாக மூன்று பேரும் ஒரே வாயாகச் சொல்லிவிடலாம். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். இடுப்பு அப்படி வலித்தது.

சந்தையில் நான் கோணிக்கொண்டு நடப்பதைப் பார்த்து நாலு பேர் கூடிவிட்டார்கள். உடையார்பாளையத்து ஜெயலட்சுமி, மருமகளை ஆட்டிவைப்பதற்கே பிறந்தவள், என்ன ரத்தினம் இடுப்புக்கு என்று கேட்டாள். லீலாவதி தலையைக் குனிந்துகொண்டு வெங்காயத்தைக் கிளறினாள். கலியம்மாள் வழுக்கி என்று ஆரம்பித்தாள். அவளைக் கையமர்த்திவிட்டு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிமிர்ந்து நின்றேன்.

“எம் மருமவ ஒதைச்சா,” என்றேன், சந்தைக்கே கேட்கிற மாதிரி. “நாந்தான் ஒதைக்கச் சொன்னேன். அந்தச் செல்லக்கண்ணுப் பய எனக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தான், இன்னமும் ஏரிச் சேத்துலதான் கெடக்கறான். இப்படி ஒரு ஒதை ஒன் மருமவளுக்கு வருமா, ஜெயலட்சுமி?”