வேண்டாம்பொண்ணுக்கு ஒரு பேர்

மல்லாங்கிணறு கருத்தப்பாண்டிக்கு வரிசையாக நாலு பெண்கள் பிறந்து, ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, அவர் மூன்று நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை. பருத்திக்காட்டிலேயே கிடந்தார். நாலாம் நாள் வந்தவர், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், "வேண்டாம்பொண்ணுன்னு வையுங்க. அடுத்ததாச்சும் பையனாப் பொறக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார். அப்படிப் பேர் வைத்தால் சாமி காதில் விழுந்து, பெண் பிறப்பது நிற்கும் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதற்கப்புறம் பையனும் பிறக்கவில்லை, பெண்ணும் பிறக்கவில்லை. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலும் அதே பேர், ரேஷன் கார்டிலும் அதே பேர். ஊர் வாயில் அது சுருங்கி வெறும் 'வேண்டாம்' ஆகிவிட்டது. "ஏ வேண்டாம், இங்கன வா" என்று யாராவது கூப்பிட்டால், புதிதாகக் கேட்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். தானே முதலில் சிரித்துவிட்டால் மற்றவர்கள் சீக்கிரம் விட்டுவிடுவார்கள் என்பதை ஏழெட்டு வயதிலேயே அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

பேர்கூட அவளுக்குப் பெரிதாக வலிக்கவில்லை. கருத்தப்பாண்டி மற்ற நாலு பெண்களையும் திட்டுவார், ஓங்கி ஒரு அறை வைப்பார், பங்குனிப் பொங்கலுக்கு வளையலும் வாங்கித் தருவார். இவளைத் திட்டியதுகூட இல்லை. "அய்யா" என்று இவள் கூப்பிட்டால் அவர் முகத்தைத் திருப்பி மாட்டைப் பார்ப்பார். அதுதான் வலித்தது. அவளுடைய பன்னிரண்டாவது வயதில் அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதோடு அந்த வீட்டில் அவளை மடியில் போட்டுக்கொள்ள ஆளில்லை.

அக்காமார் ஒவ்வொருத்தியாகக் கல்யாணமாகிப் போனார்கள். இவளைப் பெண் பார்க்க ஆமத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரியைச் சாப்பிட்டுவிட்டுப் பேரைக் கேட்டாள். சொன்னார்கள். "பேரே வேண்டாம்னு இருக்கு, நாங்க இதுக்கு மேல என்னத்தச் சொல்ல?" என்று அவள் சிரிக்க, கூட வந்தவர்களும் சிரித்தார்கள். இவளும் அடுப்படிக்குள் நின்று சிரித்தாள். போனவர்கள் திரும்பி வரவில்லை. மறுமாதமே அவள் விஸ்வநத்தத்துக்குப் போய் ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னுகிற வேலையில் சேர்ந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தைந்து வயது.

கம்பெனியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பின்னியவள் ஜெபமணி. நாற்பது வயது விதவை, பிள்ளையில்லை, வாய் ஓயாது. "ஒண்டியா ஒரு ரூமு எதுக்குடி உனக்கு? என்கூட வந்து இரு" என்று முதல் வாரமே அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபமணி வேதக்கோவிலுக்குப் போவாள். இவள் துணி துவைப்பாள். "வாயேன்டி" என்று ஜெபமணி கூப்பிடுவாள். "நீங்க போங்கக்கா, எனக்கு வேலை கெடக்கு" என்பாள் இவள். இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

இரண்டாயிரத்து ஆறில் ஊரெல்லாம் சிக்குன்குனியா வந்ததே, அந்தக் காய்ச்சல் அவளையும் போட்டுத் தள்ளியது. காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி போகவில்லை. விரலை மடக்க முடியாது, சரம் பின்ன முடியாது. தீபாவளி சீசன் நேரம். ஜெபமணிதான் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கைத்தாங்கலாகக் கோவிலுக்கும் கூட்டிப் போனாள்.

அன்றைக்கு ஆராதனையில் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற நேரம் வந்தது. போதகர் ஞானசிகாமணி, கையிலிருந்த சீட்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகச் சொல்லி ஜெபித்துக்கொண்டே வந்தார். கடைசிப் பேர் இவளுடையது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, வேண்டாம்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். கோவிலில் அங்கங்கே கிளுக்கென்று சிரிப்பு எழுந்தது. வழக்கம்போல இவளும் சிரித்துவிட்டாள். போதகர் மட்டும் சிரிக்கவில்லை. "ஆண்டவரே, உம்முடைய இந்த மகளுக்குச் சுகம் கொடும்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஆராதனை முடிந்ததும் அவர் நேரே அவளிடம் வந்தார். "நீங்க தப்பா நினைக்கப்படாது. அந்தப் பேரைச் சொல்லி ஜெபிக்க எனக்கு நாக்கு எழும்பலை. கடவுள்கிட்டயே உங்களை வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிருச்சு. எனக்கு மனசு கேக்கலை."

அந்தப் பேருக்காக யாரும் அவளிடம் வருத்தப்பட்டதில்லை. வீட்டுக்கு வந்தவள் மத்தியானம் சாப்பிடவில்லை. "எதுக்கு என்னைய அங்க கூட்டிட்டுப் போனீக?" என்று ஜெபமணியிடம் எரிந்து விழுந்தாள். அப்புறம் அழுதாள். மூன்று வருஷத்தில் அவள் அழுது ஜெபமணி பார்த்தது அன்றைக்குத்தான்.

அழுகை அடங்கியதும் ஜெபமணி மெதுவாகச் சொன்னாள். "உள்ள இருக்கறதையெல்லாம் ஆண்டவர்கிட்டக் கொட்டிரு. அப்பான்னு கூப்பிட்டுப் பேசு."

"நாங்க அப்பான்னு கூப்பிட மாட்டோம். அய்யான்னுதான் கூப்பிடுவோம்."

"அப்ப அய்யான்னே கூப்பிடு. அவருக்கு என்ன, மல்லாங்கிணத்துப் பேச்சு புரியாதா?"

மறுநாள் ஜெபமணி வேலைக்குப் போன பிறகு, அவள் பாயில் படுத்தபடி சுவரைப் பார்த்து, "அய்யா" என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் உடம்பு தானாகச் சுருங்கியது. இத்தனை வருஷமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்தது திரும்பிக்கொண்ட ஒரு முகம்தானே. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். யாரும் திரும்பிக்கொள்ளவில்லை. வெயில் ஜன்னல் வழியே வந்து காலில் விழுந்துகிடந்தது. "அய்யா, கை வலிக்குது" என்றாள். அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. ஆமத்தூர்க்காரர்கள் சாப்பிட்டுப்போன கேசரி, வாங்கித் தராத வளையல், அம்மா போன அன்றைக்கு யாருமே தன் தலையில் கை வைக்காதது என்று எல்லாவற்றையும் சொன்னாள். சில இடத்தில் கோபமாகச் சொன்னாள். நடுவில் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னாள். தான் சொல்வதை ஒருவர் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. ஆனால் தெரிந்தது.

சாயங்காலம் ஜெபமணி வந்தபோது இவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"யாருகூடடி சண்டை போட்ட?"

"சண்டை இல்லக்கா. அய்யாகிட்டப் பேசிக்கிட்டு இருந்தேன்."

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. மூட்டுவலி போக இரண்டு மாதம் ஆயிற்று, மனசுக்கு இன்னும் கூடுதலாக ஆயிற்று. ஆனால் ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பது சனிக்கிழமைக்கு மாறியது. எழுத்துக்கூட்டி வேதம் வாசிக்க ஆரம்பித்தாள். சுருதி சேராமல் பாட ஆரம்பித்தாள். கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடப் போன கூட்டத்தில் அவள் குரல்தான் தனியாகக் கேட்டது. தை மாதம் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அவள் பேரைக் கேட்டுச் சிரித்தபோது, இவள் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "பேரு அதுதான் தாயி. ஆளு அது இல்ல" என்று சொல்லிவிட்டுப் பின்னிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் ஜெபமணியின் கை ஒரு கணம் நின்று போனது.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் எடுப்பதென்று முடிவாயிற்று. "புதுப் பேர் வச்சுக்கணும்னு கட்டாயமில்லை. வேணும்னா யோசிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார் போதகர்.

அவ்வளவுதான், கம்பெனியில் சரம் பின்னுகிற ஷெட்டே சேர்ந்து யோசித்தது.

"என் பேரில பாதி தாரேன். ஜெபக்கனின்னு வச்சுக்க" என்றாள் ஜெபமணி.

"பேகம்னு முடியணும்டி, அப்பதான் ஒரு கெத்து இருக்கும்" என்றாள் எதிர் வரிசையில் இருந்த பைரோஜா.

"அவ எடுக்கறது ஞானஸ்நானம், அதுல பேகமா?"

"பேருல என்னக்கா இருக்கு, நல்லா இருந்தாச் சரி."

ஃபோர்மேன் மணிகண்டராஜ் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ தாயிகளா, புது வெடிக்குப் பேர் வைக்கக்கூட முதலாளி இம்புட்டு நாள் எடுத்துக்கலை. கையும் கொஞ்சம் ஓடட்டும்."

"நீங்களே ஒன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் பைரோஜா.

அவர் நிஜமாகவே யோசித்தார். "வேணும்பொண்ணுன்னு வச்சிருங்க. ரெண்டு எழுத்துதான் மாறும், ரேஷன் கார்டுல திருத்த லேசு."

ஷெட் முழுக்கச் சிரித்தது. அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் பேரை வைத்து அவள் மனசாரச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் பேர் போதகரிடமிருந்துதான் வந்தது. வேதத்தில், கைவிடப்பட்டவள் என்று எல்லாரும் சொன்ன ஒரு நகரத்தைக் கடவுள் ஒரு பெண்ணைப்போலக் கூப்பிட்டு, இனி உன் பேர் அது இல்லை என்று சொல்லிப் புதிதாக வைத்த பேர் ஒன்று உண்டு என்றார். எப்சிபா. 'என் பிரியமெல்லாம் இவள்மேல்தான்' என்று அர்த்தமாம். அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. "அதுவே இருக்கட்டும்" என்றாள்.

ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் முன்னால் விருதுநகர் போய் பஸ் மாறி மல்லாங்கிணற்றுக்குப் போனாள். கருத்தப்பாண்டி வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்கிவிட்டார். தனியாகப் பொங்கித் தின்கிற வீடு.

"அய்யா, வார ஞாயித்துக்கிழமை எனக்கு ஞானஸ்நானம். பேரும் மாறுது. நீங்க வரணும்."

அவர் கயிற்றைப் பார்த்துக்கொண்டே, "உன் இஷ்டம். நான் எதுக்கு அங்கன?" என்றார்.

பஸ்ஸில் வரும்போதே அவள் இந்தப் பதிலை எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது வேறு. அந்தப் பதில் வந்து விழுந்தும், உள்ளே எதுவும் உடையவில்லை. பழைய இடத்தை அவளே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வடு இருந்தது, வலி இல்லை. எதிரே இருப்பது முதுகு வளைந்த ஒரு வயசாளி, அவ்வளவுதான். பாவமாக இருந்தது. அடுப்படிக்குப் போய்ப் பாத்திரமெல்லாம் விளக்கி, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்து, பாடிக்கொண்டே வீட்டைக் கூட்டினாள். கிளம்பும்போது, "குழம்பை ரெண்டு நாளைக்குச் சுட வச்சு ஊத்திக்கங்க. ஞாயித்துக்கிழமை வந்தா அங்கன கறிச்சோறு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனாள். அவர் நிமிர்ந்து, தெருமுனை வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலை கட்டி முன்வரிசையில் நின்றாள். இரண்டாவது பாட்டு முடிகிறபோது ஜெபமணி அவள் இடுப்பில் கிள்ளினாள். "பக்கத்துக் கதவைப் பாருடி." வெளியே, வெயிலில், சலவை வேட்டியும் தோளில் துண்டுமாகக் கருத்தப்பாண்டி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. போகவும் இல்லை.

"இந்தச் சகோதரியின் பேரைச் சொல்லுங்கள்" என்றார் போதகர். சாட்சியாக நின்ற ஜெபமணி, ஊருக்கே கேட்கட்டும் என்று கத்தினாள்: "எப்சிபா!"

மூன்று தடவை தலையில் விழுந்த தண்ணீர் நெற்றி வழியாக இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது. அவள் அழுதுகொண்டிருந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்ததும் ஈரத் தலையோடு கதவுக்கு ஓடினாள். "எப்ப வந்தீக அய்யா? எப்படி வந்தீக?"

"காலையில மொத பஸ்ஸு." அவர் துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அன்னைக்கு நீ சிரிச்சுக்கிட்டே போனியா... நான் அப்படிச் சொல்லியும் நீ சிரிச்சுக்கிட்டே போன. ராத்திரி சோறு எறங்கலை." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். நேராகப் பார்த்தார். "அது நான் வச்சிருக்கப்படாத பேரு தாயி."

இருபத்தெட்டு வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது வந்தபோது, தண்ணீர் குடித்து வயிறு நிறைந்தவளுக்கு யாரோ இளநீர் சீவிக் கொடுத்ததுபோல இருந்தது. தாகம் முன்பே தீர்ந்துவிட்டது. இருந்தாலும் இளநீர் இனிக்கத்தானே செய்யும்? அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காய்த்துப்போன, சொரசொரப்பான கை. அதைத் தொட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை.

"வாங்க, சாப்பிடுவோம்."

"நான் வேற சாமி கும்புடுறவன். உள்ள உக்காரலாமா?"

பின்னால் வந்த போதகர், "பந்தி மரத்தடியிலதான். தாராளமா வாங்க" என்று அவருடைய மறு கையைப் பிடித்துக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் இலை போட்டுக் கறிச்சோறு பரிமாறினார்கள். பைரோஜா ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாயசம் கொண்டுவந்திருந்தாள். கருத்தப்பாண்டி இரண்டாவது தடவை சோறு வாங்கினார். பிறகு ஏதோ யோசித்தவராக, "அது என்ன பேரு? எப்... எப்பிசா?" என்றார்.

"எப்சிபா" என்றாள் பைரோஜா.

"எப்பசிபா."

"எப்-சி-பா! மெதுவாச் சொல்லுங்க, பல்லு மாட்டிக்கிடாது" என்றாள் ஜெபமணி. பந்தி முழுவதும் அவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு மாதிரி சொன்னதில் கிழவருக்கு இன்னும் குழம்பிப் போயிற்று. "அட நிறுத்துங்கப்பா" என்று அவரே சிரித்துவிட்டார். மேல்வரிசையில் இரண்டு பல் இல்லை. அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை. இலைக்கு முன்னால் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

நாலு மணி பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் உதட்டை அசைத்து அசைத்து ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் கிளம்பும்போது, "பாப்பா" என்று கூப்பிட்டார். "பேரு வாயில நுழைய நாளாகும். ஆடிக்குள்ள பழகிருவேன். அதுவரைக்கும் இப்படிக் கூப்பிட்டுக்கிடவா?"

"கூப்பிடுங்கய்யா!" என்று அவள் கத்தினாள். பஸ் நிலையத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வந்தபோது கோவில் முற்றத்தில் ஜெபமணி சோற்றுச் சட்டியைத் தனியாகக் கழுவத் திணறிக்கொண்டிருந்தாள். எப்சிபா வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஒரு கை சாம்பலை அள்ளித் தேய்த்தபடி, சுருதி சேராமல் உரக்கப் பாட ஆரம்பித்தாள்.