செதில் மரத்துக் கல்

எங்கள் அம்மா தாணம்மாளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் என்னைக் கெடுத்தது.

கல்லாகிப்போன பழங்கால மரங்களைத் தேடிப் பொறுக்குவது என் ஆராய்ச்சி. "ரோட்டுல கெடக்க கல்லப் பெறக்கவா சுபிதா இம்புட்டுப் படிச்செ?" என்று மார்த்தாண்டம் சந்தையில் வைத்தே அம்மா கேட்டிருக்கிறாள். இத்தனை வருஷ அலைச்சலில் உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் எடுத்த கல். இருபத்தைந்து கோடி வருஷத்துக்கு முந்தைய செதில் மரம். பட்டை முழுக்கப் பாம்புத்தோல் மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். மேலே கரியாக ஒரு மெல்லிய ஏடு ஒட்டியிருக்கும். அந்த மரத்தின் உயிரணுக்களில் மிச்சம் இருப்பது அந்த ஏட்டில்தான். என் ஆராய்ச்சி மொத்தமும் அதை நம்பித்தான். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், உள்ளே தண்ணீர் நிற்கிறது. இன்னொன்று கிடைக்காது.

ஏட்டைப் பார்க்கும் மைக்ரோஸ்கோப்புக்கு முறை வரும்வரை, கல்லைத் துணியில் சுற்றிச் சிதறால் ஊரில் எங்கள் வீட்டில் என் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன். தொடாதே என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

முறை வந்தது. எடுக்க வந்தால் துணி மட்டும் கிடந்தது.

"நாகரு காவுல வச்சாச்சு மக்கா," என்றாள் அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக. "சாமியக் கட்டிலுக்கு அடியில போட்டு மேல படுத்தா கல்யாணம் எப்பிடி நடக்கும்? சோசியரும் நாக தோஷம்னுதான சொன்னாரு."

"அம்மா, அது பாம்பில்ல. மரம்."

"மரத்துக்குச் செதிலு உண்டுமா?"

மரங்கள் அடர்ந்த அந்தக் கோயில் காவுக்கு ஓடினேன். அம்மா பின்னாலேயே வந்தாள். நாகர் சிலைகளுக்கு நடுவே என் கல் மஞ்சள் அப்பி, செம்பருத்தி சூடி உட்கார்ந்திருந்தது. மஞ்சளை விரலால் வழித்தேன். கீழே வெளுத்த கல். மறுபக்கம் வழித்தேன். அங்கேயும் வெளுப்புதான்.

"இதுல இருந்த கறுப்பு எங்க?"

"அதையா கேக்க? அழுக்கோடயா சாமிய வைக்க முடியும்? புளியும் தேங்கா நாரும் போட்டு ஒரு பகல் முழுக்க இருந்து தேச்சேன். லேசில போகல, கேட்டியா." கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் தொலி உரிந்து சிவந்திருந்தது. "எல்லாம் ஒனக்க நல்லதுக்குத்தான்."

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கத்துவது? ஆராய்ச்சியும் போயிற்று, போக்கடித்தவளைத் திட்டும் கொடுப்பினையும் எனக்கு இல்லை. தரையில் அப்படியே விழுந்து அழுதேன்.

நான் கும்பிடுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

"நல்லா கரைஞ்சு கேளு மக்கா," என்று பக்கத்தில் அவளும் முட்டி போட்டாள். "கேட்டது கெடைக்கும்."