சண்முகவடிவுக்குச் சனிக்கிழமை ஊற்றிய எண்ணெய்

எங்கள் ஊரில் பெண் வண்டிகளுக்குச் செவ்வாயும் வெள்ளியும் ஆயில் மாற்றுவார்கள். ஆண் வண்டிகளுக்குப் புதனும் சனியும். மாற்றிய அன்று வண்டியை வெயிலில் அலையவிடக் கூடாது, பச்சைத் தண்ணீரில் கழுவக் கூடாது, முக்கியமாகப் பகலில் தூங்கவிடக் கூடாது. விளக்கு வைக்கும் நேரம் வரை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சர்வீஸ் ஸ்டேஷன் வைத்திருக்கும் துரைப்பாண்டி அண்ணாச்சிக்கு எல்லோரையும்விட நன்றாகவே தெரியும்.

என் வண்டியின் பெயர் சண்முகவடிவு. சின்ன லோடு வண்டி. கல்யாண வீடுகளுக்கு வாடகைப் பாத்திரம் ஏற்றிப் போவோம். நான் ஓட்டுவேன், என் வீட்டுக்காரர் இருளப்பன் அண்டாக்களை ஏற்றி இறக்குவார். எந்த மண்டபத்துக்கு எந்தச் சந்து வழியாகப் போனால் சமையல்கட்டு வாசலிலேயே நிற்கலாம் என்பது எனக்கு முன்பே சண்முகவடிவுக்குத் தெரிந்திருந்தது. வேகத்தடை வந்தால் அவளே அடங்கிக்கொள்வாள், சாம்பார் வாளி நசுங்கிவிடக் கூடாதே என்று. எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது டிரைவிங் ஸ்கூல்தான், ஆனால் பயத்தைப் போக்கியது அவள்தான். அதனால் அவள்மேல் எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிரியம்.

என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து வந்தது. வியாழக்கிழமை சாயங்காலமே வண்டியை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு, நாளைக்கு ஆயில் மாற்றி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். பெண் வண்டி என்று தனியாகச் சொல்லவில்லை. அண்டாவும் சாரணிக் கரண்டியும் ஏற்றுகிற வண்டியைப் பார்த்தால் தெரியாதா?

வெள்ளிக்கிழமை அவர் கடையில் கூட்டம். சனிக்கிழமை காலையில்தான் என் வண்டியின் முறை வந்திருக்கிறது. அண்ணாச்சி வண்டியின் முன்னால் வந்து நின்று முகத்தைப் பார்த்திருக்கிறார். முன் பம்பரில் ஒரு திருஷ்டி முகம் கட்டியிருக்கிறது. முட்டைக் கண், வெளியே நீட்டிய நாக்கு, காது வரை முறுக்கிய மீசை. அதைச் சண்முகவடிவின் முகம் என்று நினைத்துக்கொண்டு, ஆண் வண்டிக்குச் சனிக்கிழமைதானே உகந்தது என்று தன் கையாலேயே ஆயிலை ஊற்றிவிட்டார். பிறகு மர நிழலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். பேச்சுக் கொடுக்க ஆள் இல்லை. நாளும் தப்பு, நிழலும் சுகம். அவள் தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சாவியைத் திருகினேன். "ம்" என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். சீட்டைத் தூக்கி எஞ்சினைப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. இடையிடையே கியர்ப்பல்லைக் கடித்தது. நின்ற இடத்திலேயே கிலோமீட்டர் முள் நகர்ந்துகொண்டிருந்தது. டயரில் கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. எங்கள் ஊரிலிருந்து கடல் தூரம்.

எங்கள் தெரு மெக்கானிக் வந்து சீட்டருகே காதை வைத்துக் கேட்டார். கனவில் நிற்காமல் ஓடுகிறாள், இப்படியே விட்டால் பிஸ்டன் தேய்ந்து தூக்கத்திலேயே போய்விடுவாள் என்றார். தூங்குகிற எஞ்சினைப் பிரிப்பது பாவம், எழுப்பித்தான் கை வைக்க வேண்டும். எழுப்புவதற்கும் ஒரே வழிதான் உண்டு. எண்ணெய் ஊற்றியவர் எதிரே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நாளைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் கேட்காது. நான் கூப்பிட்டுப் பார்த்தேன். உண்மைதான், கேட்கவில்லை.

துரைப்பாண்டி அண்ணாச்சி மரியாதைக்காரர். என்னை உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த தடவை ஆயில் இலவசம் என்றார். நான் தலையை ஆட்டவில்லை. வாட்டர் வாஷ், சீட் கவர், கடைசியாகக் கடைப்பெயர் போட்ட ஒரு சுவர்க் கடிகாரம் என்று ஏறிக்கொண்டே போனார். எனக்கு எதுவும் வேண்டாம், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், பிறகு தேய்ந்துபோன கியர்ப்பல்லை மாற்றிக் கொடுங்கள், அது போதும் என்றேன்.

"மீசை இருந்துச்சு தங்கச்சி. நான் சனிக்கிழமை வச்சேன். இதுல என் தப்பு என்ன இருக்கு?" என்றார்.

"அது திருஷ்டி முகம் அண்ணாச்சி."

"முகம்னா முகம்தான."

அவர் ஏன் இறங்கி வரவில்லை என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஊரில் பாதி வண்டிகளில் மீசை வைத்த திருஷ்டி முகம் தொங்குகிறது. பல வருடமாக அவர் மீசையைப் பார்த்துத்தான் சனிக்கிழமை ஊற்றியிருக்கிறார். என் வண்டி ஒன்றுக்குத் தப்பு என்று சொன்னால், மலச்சிக்கல் வந்த வேன், மூட்டு வலி வந்த டிராக்டர் என்று அத்தனையும் மறுநாளே வாசலில் வந்து நிற்கும். அவர் பயம் அவருக்கு. ஆனால் சாகக் கிடப்பது என் வண்டி. அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. கூப்பிட வைக்காமல் விடப்போவதில்லை என்று டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

முகூர்த்த மாதம் அது. கல்யாணங்கள் நமக்காக நிற்காது. அண்டாக்களை ஏற்றி, சண்முகவடிவைத் தள்ளிக்கொண்டே மண்டபங்களுக்குப் போனோம். நான் ஸ்டியரிங்கை வெளியிலிருந்து பிடித்தபடி முன்னால் தள்ளுவேன், வீட்டுக்காரர் பின்னால். வேலை இல்லாத நேரத்தில் அண்ணாச்சியின் கடைக்குத் தள்ளிக்கொண்டு போய் வாசலை ஒட்டி நிறுத்துவோம். குறட்டை கடைக்குள் நன்றாகக் கேட்கும். ஆயில் மாற்ற வந்தவர்கள் கேட்டுவிட்டு, இன்னொரு நாள் வருகிறோம் என்று சொல்லிப் போனார்கள். அண்ணாச்சி எங்களை விரட்டவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டார்.

மேம்பாலத்தில் ஒரு நாள் வீட்டுக்காரர் தள்ளுவதை நிறுத்திவிட்டுக் கல்லை முட்டுக்கொடுத்தார். அவருக்கு முதுகுவலி. சீட் கவரையாவது வாங்கிக்கொண்டு விட்டுவிடலாமே என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சீட்டைத் தூக்கிக் காட்டினேன். அவர் குனிந்து கேட்டார். முன்பெல்லாம் குறட்டை சீராக வந்தது. இப்போது ஒரு குறட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் நாங்கள் இருவருமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அடுத்த குறட்டை வந்ததும் அவர் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி தள்ளத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் சீட் கவர் பேச்சை எடுக்கவில்லை.

நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டேன். விசாரணை நாளன்று சண்முகவடிவை மன்ற வாசல் வரை தள்ளி, படியில் பலகை போட்டு உள்ளேயே ஏற்றிவிட்டோம். தலைவராக இருந்தது ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு எஞ்சினின் குறட்டையைக் கொஞ்ச நேரம் கேட்டார். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார், அவளுக்குச் சளி பிடித்துவிடக் கூடாது என்று.

அண்ணாச்சியின் வக்கீல் கெட்டிக்காரர். பாதிக்கப்பட்ட வண்டியே வாயைத் திறந்து புகார் சொல்லாதபோது அடுத்தவர் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கேட்டார். அது பெண் வண்டிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்றும் கேட்டார். தன் கட்சிக்காரர் முகத்தைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், உரிய கிழமையில் ஊற்றினார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு வக்கீல் இல்லை. நான் எழுந்து, மீசைக்காரரையே கேளுங்கள் அம்மா, பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்றேன்.

தலைவர் திருஷ்டி முகத்தைச் சாட்சியாக அழைத்தார். சாதாரணமாக அது பேசுவதில்லை. நாக்கை நீட்டியபடி இருப்பதால் சிரமம். விசாரணை முடியும் வரை நாக்கை உள்ளே வைத்துக்கொள்ள மன்றம் அனுமதி கொடுத்தது. அது நாக்கை உள்ளே இழுத்து, எச்சிலை விழுங்கிவிட்டுச் சொன்னது.

"மீசை எனக்குத்தான், அவளுக்கு இல்ல. அவளப் பாத்துக்கிடத்தான் என்னயக் கட்டியிருக்காக. இவரு என் மூஞ்சியப் பாத்துட்டு எண்ணெயக் கொண்டுபோயி அவளுக்கு ஊத்துனாரு. நான் கண்ணால அதட்டுனேன். இவரு நிமிந்து பாக்கல."

அன்றைக்குப் பிறகு என்ன செய்தாய் என்று தலைவர் கேட்டார்.

"அவ தூங்கிட்டா. யாராவது முழிச்சிருக்கணும்ல? சனிக்கிழமையில இருந்து நான் கண்ண மூடல."

வக்கீல் குறுக்கு விசாரணை வேண்டாம் என்றார். தலைவர் தீர்ப்புச் சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் ஊற்றியவர் வண்டியை உரிய முறையில் பெயர் சொல்லி எழுப்ப வேண்டும், தேய்ந்த பல்லை மாற்றிக் கொடுக்க வேண்டும், இதனால் இன்னும் ஏதேனும் சேதம் வெளிப்பட்டால் அதையும் அவரே ஈடு செய்ய வேண்டும். மூன்றாவதை நான் கேட்கவே இல்லை. தலைவர் தாமாகச் சேர்த்தார்.

அண்ணாச்சி எழுந்து வந்து வண்டியின் முன்னால் நின்றார். பின்வரிசையில் மீசை முகம் தொங்கும் வண்டிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். முதல் தடவை "ஏ வண்டி" என்று கூப்பிட்டார். குறட்டை வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது தடவை "சண்முகவடிவு" என்று மேலோட்டமாகச் சொன்னார். குறட்டை நின்றது. அடுத்தது வரவில்லை. அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. என் கை என்னையறியாமல் வீட்டுக்காரரின் கையைத் தேடிப் பிடித்தது.

அண்ணாச்சிக்கு அந்த அமைதியின் அர்த்தம் தெரியும். எத்தனையோ வண்டிகளைப் பார்த்தவர். அவர் முகம் மாறியது. இடுப்பு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சிமெண்டுத் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். எஞ்சின் இருக்கும் பக்கமாக வாயைக் கொண்டுபோனார்.

"சண்முகவடிவு, எந்திரிம்மா. நான் நாளத் தப்பாப் பாத்துட்டேன். மூஞ்சிய மட்டும் பாத்தேன், உன்னயப் பாக்கல. எந்திரி தாயி."

எஞ்சின் ஒரு தடவை இருமியது. கரும்புகை கொஞ்சம் வந்தது. பிறகு, அதிகாலை முகூர்த்தத்துக்குக் கிளம்பும்போது வருமே, அந்தச் சத்தம் வந்தது. நான் வாய்விட்டு அழுதேன். மன்றத்தில் அழுவது முறையல்ல என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் போயிட்டு வந்த நீ என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஹாரனை லேசாக ஒரு தடவை அடித்தாள்.

எல்லோரும் எழுந்திருக்கப் போகும்போதுதான் கவனித்தோம். சண்முகவடிவு விழித்துக்கொண்டதைப் பார்த்ததும் திருஷ்டி முகம் நாக்கை வெளியே போட்டுவிட்டு, முட்டைக் கண்களை மெல்ல மூடிக்கொண்டது. அதற்கு அவ்வளவு அசதி. மீசை நுனி இரண்டும் தொங்கிவிட்டன. அது எப்போது எழுந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பட்ட அலுப்பைப் பார்த்தால் ஒரு முகூர்த்த காலம் முழுவதும் தூங்கலாம் என்றார் எங்களோடு வந்திருந்த தெரு மெக்கானிக். அதுவரை பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வண்டியை ரோட்டில் இறக்க முடியாது. கல்யாண வீட்டு வண்டி, ஊர்க்கண் முழுக்க அதன்மேல்தான்.

தலைவர் மறுபடி உட்கார்ந்தார். இது மூன்றாவது உத்தரவின் கீழ் வருகிறது என்றார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாச்சி கையமர்த்தினார். தன் மீசை போதுமா என்று மட்டும் கேட்டார். தலைவர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் அடர்த்தி வேண்டும் என்றார். விசாரணைக்குக் கூட வந்திருந்த அண்ணாச்சியின் மனைவி கைப்பையிலிருந்து கண்மையை எடுத்து மீசையைக் காது வரை இழுத்துவிட்டார்.

தூங்குகிற முகத்தைக் கழற்றித் துணியில் சுற்றி, வீட்டில் அரிசிப் பானைக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறேன். பம்பரில் இப்போது துரைப்பாண்டி அண்ணாச்சிதான் இருக்கிறார். கறுப்புக் கயிற்றால் கட்டி, பக்கத்தில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கவிட்டிருக்கிறோம். அவரும் ஒழுங்காக வேலை பார்க்கிறார். மண்டபங்களில் முதல் பந்தியிலேயே அவருக்கு இலை போட்டுவிடுகிறார்கள். கடையை அவர் மனைவி பார்த்துக்கொள்கிறார். ஆயில் மாற்றுவதற்கு முன் வண்டியிடமே கிழமையைக் கேட்டுக்கொள்கிறாராம்.

சண்முகவடிவுக்கு வெள்ளிக்கிழமை. அண்ணாச்சிக்குச் சனிக்கிழமை. காலையில் நானே அவர் தலையில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் தேய்த்துவிடுகிறேன். அன்றைக்கு வெயிலில் போவதில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டுகிறேன், அவர் தூங்கிவிடக் கூடாது.