ஜெயவேலுவின் பொன்னாடைகள்

ஐம்பத்தெட்டு வயது முடிந்த அன்று, பெருங்களத்தூர் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் ஜெயவேலுவுக்குப் போர்த்திய பொன்னாடை அதன்பிறகு அவர் தோளைவிட்டு இறங்கவேயில்லை. வீட்டுக்கு வந்து உதறிப் பார்த்தார். மனைவி பொன்னியம்மாள் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தாள், வெட்டிய இடம் கண்ணெதிரே கூடிக்கொண்டது. சரி, புழுங்கும், அவ்வளவுதானே என்று அக்கம்பக்கத்தார் விட்டுவிட்டார்கள். ஜெயவேலுவுக்குத்தான் விட முடியவில்லை. முப்பது வருஷம் ஸ்டோரில் நின்ற மனுஷருக்கு வீட்டில் உட்கார்ந்தால் நெஞ்சை அடைத்தது. வேலை கேட்டு முடிச்சூரிலிருந்து அஸ்தினாபுரம் வரை ஏறி இறங்கினார். பொன்னாடையைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்கள், காபி வரவழைத்தார்கள், வேலை மட்டும் இல்லை என்றார்கள். நாலைந்து பேர் தங்கள் பங்குக்கு இன்னொன்று போர்த்தியும் அனுப்பினார்கள். அவையும் இறங்கவில்லை. மரியாதையாம், மரியாதை!

அப்போதுதான் உதயா என்கிற பெண், பெரியவர் ஒருவரும் இளையவர் ஒருவரும் ஜோடியாக நின்று பார்சல் கட்டுகிற கூடம் ஒன்றை முடிச்சூரில் ஆரம்பித்தாள். தங்கமான பெண், குறையே சொல்ல முடியாது. ஜெயவேலு அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கை ரெண்டு மட்டும்தாம்மா இன்னும் வெளிய கீது. விழா கிழான்னு இன்னொண்ணு போத்திடாதீங்க." அவளும் சத்தியம் செய்தாள். காலேஜ் முடித்த தமிழினி பெட்டியை மடிக்க, இவர் டேப் ஒட்டினார். "அங்கிள், கொஞ்சம் மெதுவா! எனக்கு மூச்சு வாங்குது" என்று அவள் சிரித்தாள். "பேசிகினே இருக்காத, மடி" என்று இவரும் சிரித்தார். அந்தக் காலைப்பொழுதில் மனுஷர் சந்தோஷமாக இருந்தார். மதியம் கூடத்தைத் திறந்துவைக்கச் சிறப்பு விருந்தினர் வந்தார். வருகிறவர் வெறுங்கையோடு வருவாரா? "சார், வேணாம்" என்று உதயா ஓடினாள். வந்தவரைத் தடுத்தால் நன்றாயிருக்காதே என்று பாதியில் நின்றாள். எல்லாரும் தட்டியபோது அவளும் கை தட்டினாள். பொன்னாடை ஜெயவேலுவின் இரண்டு கைகளையும் மூடிக்கொண்டு முழங்கால்வரை இறங்கியது. தமிழினி அழுதுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

இப்போதும் அதில்தான் இருக்கிறார். கூடத்தைப் பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று போர்த்துகிறார்கள். முகம் மறைந்து வருஷம் இரண்டாகிறது. முதியோர் தினத்தன்று நாற்காலியோடு தூக்கி மேடையில் வைக்கிறார்கள். பொன்னியம்மாள் தினமும் வந்து, மடிப்புகளை விலக்கிச் சோறு ஊட்டிவிட்டுப் போகிறாள். அவ்வப்போது உள்ளேயிருந்து, "இன்னா வேலன்னாலும் பரவால்ல, எதுனா கீதா?" என்று குரல் வரும். எல்லாருக்கும் தெளிவாகவே கேட்கிறது. "உங்களுக்கு எதுக்கு சார் கஷ்டம், ரெஸ்ட் எடுங்க" என்று கும்பிட்டுவிட்டு, அவரவர் மேஜைக்குத் திரும்புகிறார்கள்.