கலெக்டர் ஏறிய வண்டி

கொச்சியில் கொச்சங்காடி வீட்டுக்கு வந்த முதல் நாளே லமியாவை நான்கு வாத்துகள் துரத்தின. பதினைந்து வயதுப் பெண், பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு முற்றம் முழுக்க ஓடியதைத் தெருவே பார்த்தது. எட்டு வருஷம் குழந்தைகள் காப்பக விடுதியில் வளர்ந்தவள். அங்கே பல்லியைத் தவிர வேறு எந்தப் பிராணியோடும் பழக்கமில்லை. முன்பு அவளை வளர்க்க அழைத்துப்போன இரண்டு வீடுகளிலிருந்தும் சொல்லாமல் கிளம்பி விடுதிக்கே திரும்பியிருந்தாள். சுலைஹாவும் அவள் கணவர் அமீருதீனும் அதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவளை வளர்க்கக் கையெழுத்துப் போட்டார்கள்.

வாத்துகள் போக, வீட்டில் ஒரு நொண்டிப் பூனையும் ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆட்டின் பெயர் கலெக்டர். தினமும் காலையில் தெருவிலுள்ள ஒவ்வொரு கடையிலும் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வருவதால் கடைக்காரர்கள் வைத்த பெயர். மூன்றாவது வாரம் சுலைஹா அதைக் கூட்டிப்போகும் வேலையை லமியாவிடம் கொடுத்தாள்.

"நீ ஒண்ணும் பிடிக்க வேண்டாம் மோளே. அது பின்னாலே நடந்தா மதி, அவ்வளவு போதும்."

ஒரு சனிக்கிழமை, காய்கறி வியாபாரி முத்துவேலின் சரக்குப் பெட்டி ஆட்டோ தெருமுனையில் பின்கதவு திறந்தபடி நின்றது. கலெக்டர் ஒரே தாவலில் உள்ளே போய்விட்டது. லமியா அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. தானும் ஏறி, பின்னாலிருந்து தள்ளிப் பார்த்தாள். அதற்குள் யாரோ கதவைச் சாத்த, வண்டி கிளம்பிவிட்டது. அவள் போட்ட கூச்சல் முத்துவேலின் பாட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போனது.

முதலில் பயமாக இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் முட்டைக்கோசுகள் உருண்டு வந்து காலில் மோதின. கலெக்டர் நிதானமாகக் கீரையைத் தின்றுகொண்டே அவள் மேல் சாய்ந்துகொண்டது. அவ்வளவு சூடான உடம்பு அவள்மேல் சாய்ந்து வெகுகாலமாகிவிட்டது. பின்னால் வந்த பஸ்ஸின் டிரைவர் கதவின் கம்பி இடைவெளியில் ஆட்டைப் பார்த்து ஹாரன் அடித்தார். கலெக்டர் பதிலுக்குக் கத்தியது. லமியாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை.

சில கிலோமீட்டர் தள்ளி, பள்ளுருத்தியில் கதவைத் திறந்த முத்துவேல் ஆட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். கீரைக்கட்டுகளில் காம்பு மட்டும்தான் மிச்சம். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் அவளுக்கு வீட்டு நினைவு வந்தது. கையில் போன் இல்லை, வீட்டு நம்பர் அவளுக்கும் தெரியாது, முத்துவேலுக்கும் தெரியாது. மூன்றாவது வீட்டிலிருந்தும் ஓடிவிட்டாள் என்றுதானே நினைப்பார்கள்? உடனே திரும்பவேண்டும் என்று கெஞ்சினாள். ஒரு ஹோட்டலுக்குச் சரக்கு இறக்கியாக வேண்டும் என்றார் அவர். அவர் வாங்கிக் கொடுத்த சாயாவைக்கூடக் குடிக்காமல், சீக்கிரம் முடியட்டும் என்று அவளே முட்டைக்கோசுகளைச் சுமந்து இறக்கினாள்.

திரும்பி வந்தபோது தெருமுனையில் கூட்டம் நின்றது. அவள் இறங்கியதும் இஸ்திரிக்கடை கற்பகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். குழந்தைகள் நல ஆபீஸுக்குச் சொல்லிவிடலாம் என்று எல்லாரும் சொன்னார்களாம். சுலைஹா மட்டும் சம்மதிக்கவே இல்லையாம்.

"அவ என்ன சொன்னா தெரியுமா? 'ஓடிப்போற புள்ளே ஆட்டையும் கூட்டிட்டா போகும்?'னு கேட்டா. அதுக்கு மேலே யாரு என்ன சொல்றது?"

சுலைஹா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே லமியா, "நான் ஓடலே மாமி," என்றாள்.

"எனக்கறியும்," என்று சொல்லி, சுலைஹா அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த கீரை இலையை எடுத்துப் போட்டாள்.

சைக்கிளில் படகுத்துறை வரை தேடிவிட்டு வியர்க்க வியர்க்க வந்த அமீருதீன், நடந்ததைக் கேட்டு வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். முத்துவேலைச் சாப்பிடாமல் விடவில்லை. கப்பைக்கிழங்கும் மீன்கறியும் பரிமாறினார்கள். அதுவரை அந்த வீட்டில் கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்லிவந்த லமியா, அன்று பள்ளுருத்திப் பயணத்தை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை உருண்ட முட்டைக்கோசுகள் இருநூறாகிவிட்டன. முத்துவேல் அதை மறுக்கவில்லை. மீன்கறி இன்னும் கொஞ்சம் கேட்டார்.