கண்ணாடிக்கு உள்பக்கம்

ஸ்டிக்கர் கடைக்காரர் காலையில் கணினியைத் திறந்தபோது, எழுத்து வெட்டும் மென்பொருள் புது மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்தது. ஐகான்கள் எல்லாம் உருண்டு திரண்டிருந்தன. எழுத்தை இடவலமாகத் திருப்பும் பொத்தான் மட்டும் இல்லை.

கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கரைத் திருப்பி வெட்டினால்தான் தெருவிலிருந்து நேராகத் தெரியும். அவர் பிழைப்பில் பாதி அந்தப் பொத்தானில் ஓடியது.

"யாரு இதுல கை வச்சது?"

மனைவியின் தம்பி மெதுவாகத் தலையைச் சொறிந்தான். "அப்டேட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு மாமா. சரின்னேன்."

"அது கேட்டா உடனே செய்வ. நான் ஒரு டீ கேட்டா காது கேக்காது."

"புதுசுல எல்லாம் தானா நடக்குமாம் மாமா. ரொம்ப ஸ்மார்ட்டாம்."

"உன்னை மாதிரியா?"

அன்றைக்குப் பல் டாக்டரின் கதவு வேலை. வெளியே ஒட்டியிருந்ததைக் காத்திருந்த நோயாளிகள் நகத்தால் சுரண்டியே தீர்த்துவிட்டார்கள். இனி உள்ளே ஒட்டினால்தான் ஆச்சு என்றிருந்தார் டாக்டர். இது சரியாக அமைந்தால் அவருடைய மற்ற கிளினிக்குகளும் இவருக்கு. சொதப்பினால் எதிர்க்கடைக்காரனுக்கு. அவன் ஏற்கெனவே டாக்டரைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி வணக்கம் போட ஆரம்பித்திருந்தான்.

கடைக்காரர் உதவிப் பெட்டியில் பொத்தான் எங்கே என்று கேட்டார். உங்கள் அனுபவம் எங்களுக்கு முக்கியம் என்றது. மறுபடி கேட்டார். மிகச் சிலரே பயன்படுத்தியதால் இடத்தை மிச்சப்படுத்த நீக்கிவிட்டோம், வேண்டுமானால் கோரிக்கைப் பக்கத்தில் ஓட்டுப் போடுங்கள் என்றது. மிச்சமான இடத்தில் ஒரு பொம்மை உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுப் போட்டார். மொத்தம் ஒரே ஓட்டு. அவருடையதுதான்.

திட்டித் தீர்த்துவிட்டு முகம் கழுவப் போனார். அவர் வருவதற்குள் மச்சினன் ஸ்டிக்கரை வெட்டி எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். கொஞ்ச நேரத்தில் போன். "ஒட்டிட்டேன் மாமா. சூப்பரா இருக்கு."

கடைக்காரர் ஓடினார். டாக்டரின் பெயர் தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றது. பட்டங்கள் வாலிலிருந்து தலைக்கு ஓடின. கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த கட்டடத்துக்குள் போய்விட்டார்.

"ஒட்டும்போது கண்ணு எங்க இருந்துச்சு?"

"உள்ள நின்னு படிச்சுப் பாத்தேன் மாமா. நேராத்தானே இருந்துச்சு."

அதற்குள் டாக்டர் உள்ளேயிருந்து கூப்பிட்டார். கடைக்காரர் கை கட்டிக்கொண்டு போனார். "சார், சாயங்காலத்துக்குள்ள உரிச்சிட்டு வேற..."

"எதுக்கு உரிக்கணும்?" டாக்டர் தன் நாற்காலியில் சாய்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா இங்க உட்கார்ந்து என் பேரை இடம் வலமாத் திரும்பித்தான் பாத்துட்டிருந்தேன். இன்னிக்குத்தான் நேரா படிக்கிறேன். எல்லாக் கிளினிக்லயும் இப்படியே ஒட்டிருங்க."

"வெளிய இருக்கறவங்க எப்படி சார்..." என்று ஆரம்பித்த மச்சினனின் காலைக் கடைக்காரர் அழுத்தி மிதித்தார்.

"பல்லு வலிச்சா தானா வருவாங்க," என்றார் டாக்டர்.

மற்ற கதவுகளுக்கு வெட்ட உட்கார்ந்த அன்று திரையில் ஒரு பெட்டி குதித்தது. பயனர்களின் பெரும் கோரிக்கையை ஏற்று, இனி எல்லா எழுத்தும் தானாகவே திருப்பப்படும். இப்போதே அப்டேட் செய்யலாமா?

பொம்மை கைதட்டியது. மச்சினனின் விரல் மவுஸை நோக்கி நகர்ந்தது.

"மாப்ள," என்றார் கடைக்காரர், "கையை எடு."