மதிலுக்கு வெளியே ஒரு கூத்து

சப்தாஸ் ஒட்டிய வயிற்றுக்காரன். எசமான் வேடத்துக்குத் தொப்பை வேண்டுமே என்று வைக்கோலைத் திணித்துக் கட்டினார்கள்.

சிசிலித் தீவில் அடிமைகள் எசமான்களை எதிர்த்துக் கிளம்பி இரண்டு மாதமாகியிருந்தது. கோதுமைப் பண்ணைகள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கு வந்தன. மலைமேலிருந்த இந்த ஊர் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு மசியவில்லை. மதிலேற ஏணி கிடையாது. அம்பு எட்டாத தூரத்தில் சும்மா உட்கார்ந்து உட்கார்ந்து எல்லோருக்கும் அலுத்துவிட்டது. கூட்டத்தின் தலைவன் கெர்டோன், மாடு மேய்த்துக்கொண்டிருந்தவன், உள்ளே இருக்கும் எசமான்களை அவர்கள் கண்ணெதிரிலேயே ஆடிக் காட்டலாம் என்றான்.

சப்தாஸ் தானாக முன்வந்தான். அந்த ஊரில் அந்தால்லோஸ் என்ற சீமானின் பல்லக்கை ஒன்பது வருடம் தூக்கி, கலகம் தொடங்கியதும் தப்பி வந்தவன். அவருடைய இருமல், ஏப்பம், ஏச்சு எல்லாம் தலைக்கு மேலே கேட்டுக் கேட்டு மனப்பாடம். இன்னொரு காரணத்தை அவன் வெளியே சொல்லவில்லை. அவன் மனைவி பாபதா அந்தச் சீமான் வீட்டில்தான் மாவரைத்துக்கொண்டிருந்தாள். தான் உயிரோடிருப்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

பிற்பகலில் கூத்து தொடங்கியது. மதில்மேல் ஊரே கூடி நின்றது. பல்லக்குக்குப் பதிலாகத் தூக்கிய தட்டியில் சாய்ந்து வந்த சப்தாஸ், கீழே தூக்கியவர்களை அதட்டினான்: “மெதுவாப் போங்கடா, குலுங்குது. வேகமாப் போங்கடா, சாப்பாடு ஆறுது.”

முன்னால் தூக்கிய கெர்டோன், குளிர் தாங்கவில்லை, போர்த்திக்கொள்ள ஏதாவது கொடுங்கள் எசமான் என்று கெஞ்சினான்.

“குளிருதுன்னா வேகமாத் தூக்கு. தன்னால வேர்க்கும்.”

“பொய்!” என்று மதில்மேலிருந்து கத்தினார் அந்தால்லோஸ். “நான் அப்படிச் சொன்னதே இல்ல.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி சாவதானமாகச் சொன்னாள்: “போன குளிர்காலத்துல சொன்னீங்களே. நானும் கூடத்தான இருந்தேன்.”

காவலாளிகள் முதலில் சிரித்தார்கள். பிறகு தண்ணீர் சுமந்து வந்திருந்த அடிமைகள். அவர்களுக்கு நடுவே, கழுதை கனைப்பதைப் போல ஒரு பெண் சிரிப்பு. அது பாபதாவினுடையதுதான். சப்தாசுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. கெர்டோன் தொடையில் கிள்ளிய பிறகே வாய் திறந்தான்.

அன்றே அந்தால்லோஸ் ஊர்க்காரர்களைப் பேசிச் சரிக்கட்டி, அடிமைகள் யாரும் மதிலேறக் கூடாது என்று தடுத்துவிட்டார். அதனால் காவலாளிகளுக்குத் தண்ணீரையும் எறிகல்லையும் எசமான்களே சுமக்க வேண்டியதாயிற்று. மூன்றே நாளில் இடுப்பொடிந்து போனார்கள். நான்காம் நாள் உச்சிவெயிலில் காவலிருந்தவர்கள் அசந்து தூங்க, மேற்குச் சிறுவாசலை உள்ளிருந்த அடிமைகள் திறந்துவிட்டார்கள். முழங்கை வரை மாவோடு முதலில் வெளியே வந்தவள் பாபதா.

“நீ செத்துட்டேன்னு சொன்னாங்க,” என்றாள். “ரெண்டு நாள் அழுதேன். அதுக்கு மேல அழ விடல, அரைக்கச் சொல்லிட்டாங்க. அன்னிக்கு உன் குரலக் கேட்டதும் சிரிப்புத்தான்யா வந்துது.”

 சப்தாஸ் அவள் மாவுக் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலத்துக்குள் ஊர் வசமானது. அந்தால்லோசை வெட்ட வேண்டும் என்றார்கள் சிலர். பாபதா மறுத்து, தன் திரிகைக்கல்லை அவரிடம் தள்ளிவிட்டாள். உண்மையைச் சொன்ன அவர் மனைவியைக் கோவேறு கழுதையில் ஏற்றிக் கடற்கரைக்கு அனுப்பிவைத்தார்கள்.

சில வருடங்களில் ரோமப் படை வந்து தீவைத் திரும்பப் பிடித்தது. கெர்டோன் அந்த மதிலிலேயே மடிந்தான். சப்தாசும் பாபதாவும் அதற்கு முந்தின வாரமே ஒரு மீன்படகில் கிழக்கே கிளம்பியிருந்தார்கள். கடல் ஒத்துக்கொள்ளாமல் வழி நெடுக அவளுக்கு வாந்தி. அவனுக்குத் துடுப்புப் போட்டுத் தோள்வலி.